டிரமடோல் குளிசையும் விதை வீக்கமும்: தொடர்பு உண்டா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், ஏனெனில் இதே நிலையில் இருக்கும் வேறு சிலரும் இதை வாசிக்கக்கூடும். உங்கள் அண்ணனுக்கு 41 வயது. சம்மாந்துறைப் பக்கத்து வட்டையில் உழவு இயந்திரத்திலிருந்து விழுந்ததில் ஏற்பட்ட முதுகு நோவுக்காக டிரமடோல் 50 மி.கி. குளிசையை நாளொன்றுக்கு மூன்று வீதம் ஆறு மாதமாக எடுத்து வந்திருக்கிறார். இப்போது இரண்டு நாட்களாக வலப்பக்க விதை வீங்கி, தொட முடியாமல் நோகிறது. உடம்பும் சற்றுச் சுடுகிறது. இந்த வகைக் குளிசை ஆண்களுக்குக் கூடாது என்று யாரோ சொன்னதை வைத்துக்கொண்டு, அதுதான் காரணம் என்று அவர் முடிவு கட்டி, குளிசையை ஒரேயடியாக நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கிறார். குளிசையை விட்டதால் வீக்கம் தானாக வற்றிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வற்றும் என்று காத்திருக்க வேண்டாம். டிரமடோலோ, அதைவிட வலுவான மோர்பீன், பென்டனைல் போன்ற ஓபியொயிட் (அபின் வகை வலிநிவாரணி) மருந்துகளோ விதையில் நேரடியாக அழற்சியை உண்டாக்குகின்றன என்பதற்கு ஏற்கத்தக்க சான்று எதுவும் இல்லை. காய்ச்சலோடு ஒரு பக்க விதை வீங்கி நோகுமானால் அதற்குப் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும். அந்தக் காரணம் பெரும்பாலும் குணப்படுத்தக் கூடியதாகவும், தாமதித்தால் கேடு தரக்கூடியதாகவும் இருக்கும். ஆகவே இதை வாசித்து முடிக்கும்வரைகூடப் பொறுக்காமல், சம்மாந்துறை ஆதார வைத்தியசாலைக்கோ கல்முனையிலுள்ள வைத்தியசாலை ஒன்றுக்கோ இன்றே அவரைக் கூட்டிச் செல்லுங்கள். காரணங்களை அங்கே வரிசையில் இருக்கும்போது வாசிக்கலாம்.

அண்ணனின் சந்தேகம் முற்றிலும் ஆதாரமற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஓபியொயிட் மருந்துகளுக்கும் விதைக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அது வேறு வகையான தொடர்பு. விதை தானாக வேலை செய்யும் உறுப்பன்று. மூளையின் அடிப்பகுதியிலிருந்து ஒரு ஹோர்மோன் விட்டுவிட்டுச் சுரந்து கபச்சுரப்பியைத் தூண்ட, கபச்சுரப்பி எல்.எச்., எப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹோர்மோன்களை இரத்தத்தில் விட, அவற்றில் முதலாவது விதையை டெஸ்டோஸ்டெரோன் என்ற ஆண் ஹோர்மோனைச் சுரக்கவும், இரண்டாவது விந்தணு உருவாகவும் தூண்டுகின்றன. ஓபியொயிட் மருந்துகள் இந்தச் சங்கிலியின் தலைப்பிலேயே கைவைக்கின்றன. மேலிருந்து வரும் தூண்டல் குறைய, எல்.எச். குறைந்து, அதன் பின்னே டெஸ்டோஸ்டெரோனும் குறைகிறது. மாதக்கணக்காக எடுப்பவர்களில் சிலருக்கு ஆசை குறைதல், விறைப்புக் குறைதல், காரணமில்லாத களைப்பு, மனச்சோர்வு, தசை வலிமை குறைதல், பிள்ளைப்பேற்றுத் தாமதம் ஆகியவை இப்படித்தான் வருகின்றன. ஹெரோயினும் மெதடோனும் எடுத்த ஆண்களிடம் இது 1970களிலேயே அவதானிக்கப்பட்டது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016 மார்ச்சில் எல்லா ஓபியொயிட் மருந்துகளின் விபரக்குறிப்பிலும் பாலியல் ஹோர்மோன் குறைவு பற்றிய எச்சரிக்கையைச் சேர்க்கும்படி அறிவித்தது. மோர்பீன், மெதடோன் போன்றவற்றில் இந்த விளைவு தெளிவாகத் தெரியும். டிரமடோல் அவற்றைவிட மெலிந்த ஓபியொயிட் என்றாலும் அதற்கும் விலக்கு இல்லை.

இந்த மாற்றம் எப்படிப்பட்டது என்பதைக் கவனியுங்கள். தூண்டல் குறைந்த விதை சோம்பிப்போகும். நெடுங்காலம் நீடித்தால் சற்று மென்மையாகி அளவில் குறையவும் கூடும். அது வீங்காது, சிவக்காது, சுடாது, காய்ச்சலைக் கொண்டுவராது. இரண்டு விதைகளுக்கும் ஒரே இரத்தத்தில்தான் அந்த ஹோர்மோன் போகிறது என்பதால் பாதிப்பும் இரண்டுக்கும் சமமாகவே இருக்கும். வலப்பக்கம் மட்டும் இரண்டு நாளில் வீங்கியது என்பதே குளிசைக்கு எதிரான குற்றச்சாட்டைப் பெருமளவு தளர்த்திவிடுகிறது.

எலிகளுக்கு டிரமடோலைத் தொடர்ந்து கொடுத்த பரிசோதனைகள் பல உண்டு. அவற்றில் விதைத் திசுவில் சிதைவும், ஒட்சியேற்ற அழுத்தமும், விந்தணுக் குறைவும் காணப்பட்டதாக எழுதப்பட்டிருப்பது உண்மை. உங்களுக்கு இதைச் சொன்னவர் அப்படியான ஒன்றின் செய்தியைக் கேட்டிருக்கலாம். ஆனால் நுணுக்குக்காட்டியில் தெரியும் திசுச் சிதைவு வேறு, ஒரு மனிதன் நடக்க முடியாமல் காலை அகட்டி வைத்துக்கொண்டு வரும் விதை அழற்சி வேறு. எலிக்குக் கொடுக்கும் அளவை மனிதனின் அளவோடு அப்படியே ஒப்பிடவும் முடியாது. அந்த ஆய்வுகள் நீண்டகாலப் பாவனையில் விந்தணு குறையலாம் என்ற கவலைக்கு வலுச் சேர்க்கின்றன. அதற்கு அப்பால் அவற்றை இழுக்கக் கூடாது.

மருந்து ஒன்று உண்மையிலேயே அழற்சியை உண்டாக்கினால் அது எப்படித் தெரியவரும் என்பதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. இதயத் துடிப்புச் சீர்கேட்டுக்குக் கொடுக்கப்படும் அமியோடரோன் என்ற மருந்து, விதையின் பின்புறம் ஒட்டிச் சுருண்டு கிடக்கும் விந்துக் குழாயில் போய்ச் செறிந்து அங்கே வீக்கத்தையும் நோவையும் உண்டாக்குவது அறியப்பட்ட ஒன்று. அங்கே கிருமி எதுவும் இருக்காது. அன்ரிபயோட்டிக் கொடுத்தால் பலன் இராது. மருந்தின் அளவைக் குறைத்தால் வீக்கம் வற்றும். அளவு கூடியவர்களிடமே பெரும்பாலும் காணப்படும். இப்படிப் பல இழைகள் ஒன்றாகச் சேரும்போதுதான் மருந்தின் மீது பழி நிலைக்கிறது. டிரமடோல் 1977இல் ஜேர்மனியில் விற்பனைக்கு வந்து, இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் எடுத்த மருந்து. அமியோடரோனைப் போன்ற ஒரு தொடர்பு அதற்கு இருந்திருந்தால் இதற்குள் அது பாடநூலுக்கு வந்திருக்கும்.

'டிரமடோல் எடுத்த இன்னாருக்கு விதை அழற்சி வந்தது' என்ற பதிவுகள் அப்படியானால் எங்கிருந்து வருகின்றன? உலக சுகாதார நிறுவனம் 1968 முதல் நடத்திவரும் கண்காணிப்புத் திட்டத்திலும், தனித்தனி நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனங்களிலும், மருந்து எடுத்தபின் நேர்ந்த எதையும் வைத்தியர்களும் நோயாளிகளும் அறிவிக்கலாம். அறிவிப்பதற்கு, மருந்துதான் காரணம் என்று நிறுவத் தேவையில்லை. ஒன்றன்பின் ஒன்று வந்தது என்பது போதும். இது நல்ல ஏற்பாடு, அரிதான ஆபத்துகள் பல இதன் வழியாகத்தான் முதலில் வெளிச்சத்துக்கு வந்தன. ஆனால் மருந்தை எடுத்தவர்கள் மொத்தம் எத்தனை பேர், எடுக்காதவர்களில் அதே நோய் எத்தனை பேருக்கு வந்தது என்ற இரண்டும் அந்தப் பதிவுகளில் இராது. அவை இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் எடுத்துக் காட்டுவது ஒன்றையும் நிறுவாது. இலட்சக்கணக்கானோர் விழுங்கும் வலிநிவாரணி எதுவானாலும், ஏறக்குறைய எல்லா நோயின் பெயரோடும் அது எங்காவது ஒரு பதிவில் சேர்ந்தே இருக்கும்.

அதைவிட முக்கியமான கேள்வி, அந்தக் குளிசை எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதாகும். நம் பக்கத்தில் இதற்கு மிகப் பொருத்தமான உதாரணம் சிறுநீரகக் கல். சிறுபோகக் காலத்தில் கச்சான் காற்று வீச, பகல் முழுவதும் வயலில் வேர்வை சிந்தி, தண்ணீரைப் போதியளவு குடிக்காமல் வேலை செய்பவர்களுக்குக் கல் உருவாகும் வாய்ப்புக் கூடும் என்பது எந்த வைத்தியரும் சொல்வது. கல் சிறுநீர்க்கான் வழியே கீழே இறங்கும்போது நோவு இடுப்புப் பக்கத்தில் தொடங்கி, அடிவயிற்றுக்கு வந்து, அதே பக்க விதைக்குப் பாயும். கருவில் விதை உருவாவது சிறுநீரகத்துக்கு அருகே. பின்புதான் அது கீழிறங்கி விதைப்பைக்கு வருகிறது. அதனால் இரண்டுக்கும் நரம்புத் தொடர்பு ஒரே மட்டத்திலிருந்து வருகிறது. கல் மேலே உறுத்த, நோவு கீழே தெரிகிறது. இப்படிப்பட்ட ஒருவர் வைத்தியசாலைக்குப் போய், டிரமடோல் எழுதிக் கொடுக்கப்பட்டு, மூன்றாம் நாள் 'விதை நோகிறது' என்று சொன்னால், பதிவேட்டில் முதலில் குளிசையும் அடுத்ததாக விதை நோவும் இருக்கும். உண்மையில் இரண்டுக்கும் தாய் அந்தக் கல். ஹேர்னியாச் (குடலிறக்கம்) சத்திரசிகிச்சை செய்தவர்கள், சலம் எடுக்கும் குழாயான கதீற்றர் போடப்பட்டவர்கள், நாட்பட்ட விதை நோவுக்கே டிரமடோல் எடுப்பவர்கள் என்று இந்த வரிசை நீளும்.

இன்னொரு வகையினரைப் பற்றிப் பேசத் தயங்குவோம். ஆனால் சொல்லியாக வேண்டும். டிரமடோல் விந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்தும் என்பதற்காக அதை மருந்துத் துண்டு இல்லாமல் வாங்கி விழுங்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள்; போதைக்காக எடுப்போரும் இருக்கிறார்கள். பாமசி மேசைக்கு முன்னால் வந்து, கத்தரியால் வெட்டிய வெள்ளித்தாள் துண்டொன்றை உள்ளங்கைக்குள் மறைத்தபடி நீட்டுவார்கள். வெட்டிய இடத்தில் பெயர் பாதியாக நிற்கும், மில்லிகிராம் அளவும் காலாவதித் திகதியும் இருந்த பகுதி எங்கோ போயிருக்கும். இவர்களில் பாதுகாப்பற்ற உறவு வைப்பவருக்குப் பாலியல் தொற்றினால் விதை வீங்கினால், குளிசையும் வீக்கமும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கும். குளிசை அந்த வீக்கத்தை உண்டாக்கியது என்று அதற்குப் பொருளாகாது.

நேரடித் தொடர்பு இல்லை என்று சொன்னேன். மறைமுகமாக ஒரு வழி இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. ஓபியொயிட் மருந்துகள் சிறுநீர்ப்பை சுருங்குவதைத் தளர்த்திச் சலம் முழுமையாக வெளியேறாமல் தடுக்கக்கூடும். டிரமடோல் நொரட்ரினலின் என்ற இரசாயனத்தின் அளவையும் கூட்டுவதால் சிறுநீர்ப்பையின் வாயில் இன்னும் இறுகலாம். புரஸ்டேட் சுரப்பி வீங்கிய வயதானவர்களிடம் இது விரைவில் வெளிப்படும். சலம் தேங்கினால் கிருமி பெருகும். தேங்கியதை எடுக்கக் கதீற்றர் போட்டால் கிருமி உள்ளே போக வழி திறக்கும். அந்தக் கிருமி விந்துக்குழாய் வழியே பின்னோக்கிப் போய் விதையை எட்டினால் அழற்சி வரும். மலச்சிக்கலும் இந்தக் கதையில் ஒரு கண்ணி. டிரமடோல் எடுப்பவருக்கு மலம் இறுகுவது மிகச் சாதாரணம். நிரம்பிய மலக்குடல் சலம் போவதையும் தடுக்கும், முக்கி முக்கிப் போவதில் ஏற்கெனவே இருந்த ஹேர்னியா விதைப்பைக்குள் இறங்கவும் கூடும். இறங்கிய குடல் 'விதை வீக்கம்' போலவே தோன்றும். ஆகவே அண்ணனிடம் சலம் தடைப்படுகிறதா, இரவில் எத்தனை முறை எழும்புகிறார், மலம் எப்படிப் போகிறது என்று கேளுங்கள். வைத்தியரும் அதையே கேட்பார்.

இனி, பொதுவாக விதை வீங்குவதற்கான காரணங்கள். வைத்தியர் முதலில் பார்ப்பது விதை முறுக்கிக்கொண்டதா என்பதையே. இது பதின்ம வயதினரிடம் அதிகம், ஆனால் நாற்பதிலும் வரும். திடீரென்று, சில சமயம் தூக்கத்தில் இருந்து எழுப்பும் அளவுக்கு நோவு வரும், வாந்தியும் வரும், காய்ச்சலும் சல எரிவும் பெரும்பாலும் இரா. முறுக்கிய விதைக்கு இரத்தம் போகாது. ஏறத்தாழ 6 மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை செய்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம், ஒரு நாள் கடந்தால் அந்த விதை பிழைப்பது அரிது. வைத்தியர் தொடையின் உட்புறத்தை விரலால் மெல்லக் கீறிப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். வழமையாக அந்தப் பக்க விதை சட்டென்று மேலே ஏறும், முறுக்கிக்கொண்டதில் பெரும்பாலும் அசையாது. பிள்ளைகளுக்கு நள்ளிரவில் இப்படி நோவு வந்தால் விடியட்டும் என்று இருக்காமல் 1990 அம்புலன்சை அழையுங்கள். வலிநிவாரணி கொடுத்து நோவு சற்று அடங்கியது என்பதற்காகப் போகாமல் விடுவதுதான் இங்கு மிகப் பெரிய ஆபத்து. டிரமடோல் விதைக்குச் செய்யக்கூடிய உண்மையான கேடு ஒன்றைச் சொல்லச் சொன்னால், நோவை மறைத்து நேரத்தைத் தின்றுவிடுவதையே நான் முதலில் சொல்வேன்.

உங்கள் அண்ணனின் வர்ணனை, இரண்டு நாளில் படிப்படியாக ஏறிய வீக்கமும் காய்ச்சலும், கிருமித் தொற்றையே அதிகம் ஒத்திருக்கிறது. முப்பத்தைந்து வயதுக்குக் குறைந்தவர்களில் கிளமிடியா, கொனேறியா போன்ற பாலியல் தொற்றுகளும், அதற்கு மேற்பட்டவர்களில் ஈ.கோலை போன்ற சிறுநீர்க் கிருமிகளும் முன்னிற்கின்றன; ஆனால் இந்த வயதுக்கோடு வழிகாட்டி மட்டுமே, சட்டமன்று. கூகைக்கட்டு வந்த வயதுவந்த ஆண்களில் நூற்றுக்கு 15 முதல் 30 பேர் வரை, கன்னம் வீங்கிய சில நாட்களில் விதை வீக்கத்துக்கும் ஆளாகிறார்கள். இலங்கையில் கூகைக்கட்டுக்கான தடுப்பூசி 2011இல்தான் தேசியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டதால், அண்ணனின் வயதினர் அதைப் பெற்றிருக்க மாட்டார்கள். வீட்டில் யாருக்காவது அண்மையில் கூகைக்கட்டு வந்ததா என்று நினைத்துப் பாருங்கள். பட்டி மாடுகளோடு புழங்குபவர், காய்ச்சாத பால் குடிப்பவர் என்றால் அதையும் வைத்தியரிடம் சொல்லவேண்டும், மாட்டிலிருந்து வரும் புரூசெல்லா என்ற பக்டீரியாவும் விதையைத் தாக்கும். அலைந்து அலைந்து வரும் காய்ச்சலும் மூட்டு, முதுகு நோவும் அதன் அடையாளம். முதுகு நோவு என்றதும் எல்லாவற்றையும் உழவு இயந்திரத்தின் தலையில் கட்டிவிட வேண்டாம் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். நோவில்லாத கட்டி மட்டும் இருந்தால் புற்றுநோயை விலக்க ஸ்கேன் அவசியம்.

வைத்தியசாலையில் சலப் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை, இரத்தவோட்டத்தைக் காட்டும் டொப்ளர் ஸ்கேன் ஆகியவை செய்வார்கள். அழற்சி உள்ள விதைக்கு இரத்தவோட்டம் கூடியிருக்கும், முறுக்கியதற்குக் குறைந்தோ இல்லாமலோ இருக்கும். திரையில் அந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். பாலியல் தொற்று என்று சந்தேகித்தால் பாலியல் நோய் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்புவார்கள். மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை மூன்றிலும் அது உண்டு, சேவை இலவசம், விபரங்கள் வெளியே போகா. அங்கே மனைவியையும் அழைத்து மருந்து கொடுப்பதைக் குற்றம் சாட்டுவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் தொற்று திரும்பி வரும். சரியான அன்ரிபயோட்டிக் தொடங்கிய மூன்று நாட்களுக்குள் நோவும் காய்ச்சலும் குறையத் தொடங்க வேண்டும். வீக்கம் முழுவதும் வற்றச் சில வாரங்கள் செல்லும். அதுவரை இறுக்கமான உள்ளாடையோ சிறு துவாயோ வைத்து விதைப்பையைத் தூக்கி வைப்பது நோவைக் குறைக்கும்.

இங்கேதான் டிரமடோல் பற்றி வைத்தியரிடம் கட்டாயம் சொல்லவேண்டிய காரணம் வருகிறது. சிறுநீர்க் கிருமியால் வந்த விதை அழற்சிக்குச் சிப்ரோபுளொக்சசின், லெவோபுளொக்சசின் போன்ற அன்ரிபயோட்டிக் கொடுப்பது வழக்கம். அவையும் டிரமடோலும் தனித்தனியே வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டுபவை. சேர்ந்தால் இன்னும் கூடும். வலிப்பு முன்பு வந்தவரிடமும், மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவரிடமும், சிறுநீரகம் பழுதடைந்தவரிடமும் இதில் கூடுதல் கவனம் வேண்டும். தெஹியத்தகண்டிப் பக்கம் போலக் காரணம் தெரியாத சிறுநீரக நோய் காணப்படும் இடங்களில், டிரமடோலின் அளவையே குறைத்துக் கொடுக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். முழு அட்டையையும் மருந்துத் துண்டையும் கையோடு கொண்டு போங்கள்.

குளிசையை ஒரேயடியாக நிறுத்தியதும் சரியன்று. ஆறு மாதமாக நாளொன்றுக்கு 150 மி.கி. பழகிய உடல், திடீரென்று அது இல்லாமல் போனால் வேர்வை, மூக்கொழுகல், வயிற்றோட்டம், உடம்பு உளைவு, தூக்கமின்மை, காரணமற்ற பதற்றம் ஆகியவற்றைக் காட்டும். அண்ணனுக்கு இப்போது இருக்கும் உடல் அசதியில் எவ்வளவு கிருமியால், எவ்வளவு இதனால் என்று பிரித்தறிவது வைத்தியருக்கே சிரமமாகலாம். நிறுத்திய நாளைச் சரியாகச் சொல்லுங்கள். குறைப்பதானால் வைத்தியரின் அட்டவணைப்படி வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்கவேண்டும். நாட்பட்ட முதுகு நோவுக்கு ஆறு மாத டிரமடோல் நல்ல தெரிவா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. இயன்மருத்துவப் பயிற்சியும் நடமாட்டமும் அதற்குக் கூடுதல் பயன் தருவதைக் கண்டிருக்கிறேன். ஆனால் அந்த விவாதத்தை வீக்கம் வற்றிய பிறகு நடத்தலாம்.

அண்ணனுக்கு ஆசைக்குறைவோ விறைப்புக் குறைவோ களைப்போ உண்மையில் இருந்தால், காய்ச்சல் தீர்ந்து சில வாரங்கள் கழித்து, காலை பத்து மணிக்கு முன் இரத்தம் எடுத்து டெஸ்டோஸ்டெரோனும் எல்.எச்.சும் பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சல் உள்ள நாட்களில் எடுத்தால் அளவு தற்காலிகமாகக் குறைந்து காட்டிக் குழப்பும். இரண்டும் குறைவாக வந்தால் குளிசையின் பங்கு இருக்கலாம். மருந்தைப் படிப்படியாக விட்ட பின் வாரங்களிலிருந்து சில மாதங்களில் பெரும்பாலானோருக்கு அளவு மீண்டும் ஏறும். அதற்குள் யாராவது டெஸ்டோஸ்டெரோன் ஊசி போடலாம் என்றால், இன்னும் ஒரு பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் இருக்குமானால் அவசரப்பட்டுச் சம்மதிக்க வேண்டாம். வெளியிலிருந்து போகும் அந்த ஹோர்மோன் விந்தணு உருவாவதை இன்னும் அடக்கிவிடும்.